தானம் கொடுத்த காரைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2010ஆம் வருஷத்து பி.எம்.டபிள்யூ 120டி வீட்டு வாசலில் சும்மா நிற்கிறது. விற்பதைவிடக் கோயிலுக்குக் கொடுத்தால் புண்ணியமும் உண்டு, வரிக்கழிவும் உண்டு என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

புண்ணியத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. வரிக்கழிவு கிடைக்காது. தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் பொதுநல அமைப்பாகப் பதிவு பெறலாம். தங்கள் வருமானத்துக்கு வரிவிலக்கும் பெறலாம். ஆனால் கொடுத்தவருக்குக் கழிவு தரும் 18ஏ பிரிவில் சமயப்பணி சேராது. நலப்பணி, மருத்துவம், கல்வி, இயற்கைப் பாதுகாப்பு, நிலமும் வீட்டுவசதியும் ஆகியவைதான் சேரும். கோயில் முதியோர் இல்லம் நடத்தி, அதற்கென்று 18ஏ அங்கீகாரம் வாங்கியிருந்தால் அந்த இல்லத்தின் பேரில் கொடுங்கள்.

பலர் ஏமாறுவது எண்ணில். சமூக வளர்ச்சித் துறை தரும் என்.பி.ஓ (லாப நோக்கற்ற அமைப்பு) எண் வேறு, வரித்துறையான சார்ஸ் தரும் பி.பி.ஓ (பொதுநல அமைப்பு) எண் வேறு. இரண்டாவது 930 என்று தொடங்கும். அது இருந்தாலே 18ஏ இருப்பதாகவும் அர்த்தமில்லை. அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். 2023 மார்ச் 1 முதல் ரசீதில் உங்கள் அடையாள அட்டை எண், வரி எண், முகவரி, தொடர்பு விவரம், ரசீதுக்கான தனி எண் எல்லாம் இருக்கவேண்டும். கார்பன் தாள் வைத்து எழுதும் பழைய ரசீதுப் புத்தகம் இதற்கு உதவாது.

கேள்வி: 18ஏ ரசீது கிடைத்தால் காரின் விலை முழுவதும் திரும்பி வந்துவிடுமா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

வராது. கழிவு என்பது வரி கணக்கிடும் வருமானத்தில் குறைப்பது, கையில் தரும் பணமல்ல. ஒரு வருஷத்தில் வரிக்குரிய வருமானத்தில் 10 சதம்வரைதான் கழிக்கலாம். வருமானம் 4,50,000 ராண்ட், காரின் மதிப்பு 1,20,000 ராண்ட் என்று வையுங்கள். இந்த வருஷம் 45,000 கழியும். மீதி 75,000 அடுத்த வருஷக் கணக்குக்குப் போகும், அங்கேயும் அதே 10 சத வரம்புதான். 31 சத வரிப்படியில் இருப்பவருக்கு 45,000 கழிவால் மிஞ்சுவது 13,950 ராண்ட்.

மதிப்பையும் நம் இஷ்டத்துக்குப் போட முடியாது. சொந்த உபயோகத்துக்கு ஓட்டிய காருக்கு இன்றைய சந்தை விலை ஒரு பக்கம், வாங்கிய விலையில் தேய்மானம் போக மிஞ்சுவது இன்னொரு பக்கம். எது குறைவோ அதுதான் கணக்கு. ரசீதில் பெரும்பாலும் 'மோட்டார் கார் ஒன்று' என்றுதான் எழுதித் தருவார்கள். ஆகவே இரண்டு டீலரிடம் எழுத்தில் விலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால், காரை நீங்களே விற்றுப் பணமாகக் கொடுப்பது மேல். சொந்தக் காரை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. மதிப்புச் சண்டையும் இல்லை.

கேள்வி: நாங்கள் நடத்தும் மாற்றுத்திறனாளி குழந்தைகள் பள்ளிக்கு ஓர் அன்பர் சின்ன சொகுசு கார் தருகிறார். வாங்கிக்கொள்ளலாமா? (பள்ளிச் செயலாளர், டொங்காட்)

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மாடு புல் தின்றது. இந்தக் கார் பள்ளியின் பட்ஜெட்டைத் தின்னும். நீங்கள் பார்த்தே ஆகவேண்டும்.

முந்தின இரவு முழுவதும் நின்ற வண்டியாக, எஞ்சின் ஆறியபோது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 2007க்குப் பிறகு சில வருஷம் வந்த 118டி, 120டி கார்களில் இருக்கும் என்47 டீசல் எஞ்சினுக்கு, வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. பானெட்டைத் திறந்து முன்கண்ணாடிப் பக்கம் காதை வையுங்கள். தகரத்தில் சங்கிலியை இழுப்பதுபோல் உரசல் கேட்டால் செயின் தேய்ந்துவிட்டது. மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும், பெரும்பாலும் எஞ்சினையே வெளியே எடுப்பார்கள். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், எஞ்சின் போயிற்று.

ஆடி ஏ3 என்றால் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியா (எண்ணெயில் முங்காத இரட்டைக் கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) என்று கேளுங்கள். மேட்டில் ஊர்ந்து போகும்போது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே உதறினால் செலவு காத்திருக்கிறது.

டயரையும் பாருங்கள். பல பி.எம்.டபிள்யூ கார்களில் காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர்தான், ஸ்டெப்னி கிடையாது. பஞ்சரானால் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போகலாம். அதற்குமேல் புது டயர்தான், சாதாரண டயரைவிட விலையும் அதிகம்.

சக்கர நாற்காலியில் வரும் குழந்தைகளை ஏற்றிப்போக இந்தச் சின்ன கார் தோதுப்படாது. ஆகவே விற்றுப் பணமாக்குவது உங்கள் திட்டம் என்றால் அதை அன்பரிடம் முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். 'மாதம் ஒரு ஞாயிறு நான் எடுத்துக்கொள்வேன்' என்று அவர் நிபந்தனை போட்டால் அது நன்கொடையாகாது. 18ஏ ரசீதும் தரக்கூடாது.

கேள்வி: கார் கொடுத்து ஏழு மாதமாகிறது. ஸ்பீடு ஃபைன் இன்னும் என் பேருக்கு வருகிறது. (வாசகர், மெரிபேங்க்)

சாவியும் பதிவுச் சான்றும் கொடுத்தால் பேர் மாறிவிடாது. உரிமை மாற்ற அறிவிப்புக்கான என்.சி.ஓ படிவத்தை வாகன உரிம அலுவலகத்தில் நீங்கள்தான் தரவேண்டும். முத்திரை போட்ட நகலை வைத்துக்கொள்ள வேண்டும். வாங்கியவர்கள் வாகனப் பதிவுக்கான ஆர்.எல்.வி படிவம் கொடுத்து 21 நாளுக்குள் தங்கள் பேரில் பதியவேண்டும். அதற்கு, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று காட்டும் ரோட்வொர்த்தி சான்று வேண்டும், அது 60 நாள்தான் செல்லும்.

அமைப்புகள் மாட்டிக்கொள்வது, வாகனப் பதிவேட்டில் அமைப்புக்குத் தரும் எண்ணைக் காட்டும் பி.ஆர்.என் சான்றில். தனி ஆளுக்கு அடையாள அட்டை போதும். அமைப்புக்கு இந்தச் சான்றும், பிரதிநிதியின் அடையாள அட்டையும் இல்லாமல் பதிவாகாது. அதை வாங்கச் சோம்பியே பல கார்கள் பழைய பேரில் ஓடுகின்றன. ஒப்படைத்த தேதியைக் காட்டும் கடிதம் இருந்தால் இன்றே என்.சி.ஓ கொடுங்கள், அந்தத் தேதிக்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஃபைனுக்கும் ஓட்டுநர் வேறு என்று தனித்தனியே எழுதுங்கள்.

கேள்வி: பாங்க் கடன் இன்னும் பாக்கி. கொடுக்கலாமா? (வாசகி, மவுண்ட் எட்ஜ்கோம்)

கடன் தீரும்வரை பதிவுச் சான்றில் டைட்டில் ஹோல்டர், அதாவது சட்டப்படி உரிமை உள்ளவர், பாங்க்தான். செட்டில்மென்ட் தொகையைக் கட்டி, சான்று உங்கள் பேருக்கு வந்த பிறகு கொடுங்கள். டிராக்கர் சந்தாவை நிறுத்துங்கள், பேர் மாறிய பிறகு இன்ஷூரன்ஸை ரத்து செய்யுங்கள். திரையில் இணைத்த போன்களையும் நேவிகேஷனில் 'வீடு' என்று பதிந்த முகவரியையும் அழிக்க மறக்காதீர்கள்.