தொடையிடுக்கில் ஒரு நீர்க்கட்டி: நக் என்பவர் யார்?

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு ஆண்டுகளாக வலது தொடையிடுக்கில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம் இருக்கிறது. வலி இல்லாததாலும், காட்டுவதற்குக் கூச்சமாக இருந்ததாலும் யாரிடமும் சொல்லவில்லை. சென்ற வாரம் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் ‘கேனால் ஆஃப் நக் சிஸ்ட்’ என்று எழுதியிருக்கிறார்கள். நக் என்றால் என்ன? இது புற்றுநோயா? அறுவை சிகிச்சை அவசியமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அறிக்கை சொல்வது சரியென்றால் இது புற்றுநோய் அன்று. தெளிந்த நீர் நிறைந்த ஒரு பைதான்.

நக் என்பது ஒரு மனிதரின் பெயர். ஆன்டன் நக் 1650இல் நெதர்லாந்தின் ஹார்டர்வைக் நகரில் பிறந்தவர். லைடன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த பேராசிரியர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நிணநீர்க் குழாய்களுக்குள் பாதரசத்தைச் செலுத்தி, அவை வெள்ளிக் கம்பிகளைப் போல மின்னும்போது அவற்றின் வழியைப் பின்தொடர்ந்து வரைந்து காட்டியவர். சுரப்பிகளையும் பெண்ணின் கருப்பையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1691இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் காலமானார். உங்கள் அறிக்கையில் உள்ள பெயருக்குக் காரணமான பையை அந்த நூலில்தான் அவர் விவரித்தார். நுண்ணோக்கியில் தேட வேண்டாத, ஆனால் பொறுமையில்லாத கை அறுத்தெறிந்துவிடக்கூடிய மெல்லிய சவ்வு அது என்பதால், அவருடைய கவனத்தின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

அந்தப் பை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கருப்பையின் இரு பக்கங்களிலிருந்தும் கயிறு போன்ற தசைநார் ஒவ்வொன்று புறப்பட்டு, தொடையிடுக்கில் வயிற்றுச் சுவரைத் துளைத்துக்கொண்டு செல்லும் குறுகிய வழியாக வெளியே வந்து, பெண்ணுறுப்பின் வெளி இதழில் முடிகிறது. நாம் கருவில் வளரும்போது, வயிற்றின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வும் அந்தத் தசைநாரோடு கூடவே, கையுறையின் ஒரு விரலைப் போல வெளியே நீள்கிறது. ஆண் குழந்தைக்கும் இதே விரல் உண்டு. அங்கே அது விரை இறங்கும் வழியை ஒட்டி அமைகிறது. பொதுவாகப் பிறப்பதற்கு முன்போ, முதல் வயது முடிவதற்குள்ளோ அது ஒட்டித் தூர்ந்துபோகும். தூராமல் நின்ற பகுதியில் நீர் தேங்கினால் ஆணுக்கு அதை ஹைட்ரோசீல் என்கிறோம். பெண்ணுக்கு நக் நீர்க்கட்டி என்கிறோம். ஆண்களுக்கு வருவதை ஊரே அறியும், பெண்களுக்கு வருவதோ அரிது. அதனால் மருத்துவர்களே இதைக் குடலிறக்கம் என்றோ நெறிக்கட்டி என்றோ முதலில் எண்ணிவிடுவது உண்டு.

உங்கள் மருத்துவரிடம் இரண்டு செய்திகளைக் கட்டாயம் சொல்லுங்கள். இருமும்போதோ நெடுநேரம் நிற்கும்போதோ வீக்கம் பெரிதாகிறதா, படுத்தால் சுருங்குகிறதா என்பது ஒன்று. அப்படியானால் பையின் வாய் வயிற்றுக்குள் திறந்தே இருக்கலாம், அல்லது கட்டியோடு குடலிறக்கமும் சேர்ந்திருக்கலாம். நின்றபடியும் இருமச் சொல்லியும் ஸ்கேன் எடுத்தால் இது பெரும்பாலும் தெரிந்துவிடும். மாதவிலக்கு நாட்களில் அங்கே வலியோ வீக்கமோ கூடுகிறதா என்பது மற்றொன்று. கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சிலருக்கு இந்த வழியில் வளர்வது உண்டு. அதற்குரிய சிகிச்சைத் திட்டம் வேறு. ஐயம் நீங்காவிட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள்.

அறுவை சிகிச்சையை நாளைக்கே செய்ய வேண்டும் என்ற அவசரம் இல்லை. ஆனாலும் பெரியவர்களுக்கு இந்தக் கட்டி தானாகக் கரையும் என்று காத்திருப்பதில் பயன் குறைவு. ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தாலும், பை உள்ளேயே இருப்பதால் மறுபடியும் நிறையும். கட்டியை முழுதாக எடுத்து, அதன் கழுத்தை வயிற்றுப் பக்கத்தில் கட்டி, திறப்பு இருந்தால் அதையும் மூடுவதே முறையான சிகிச்சை. நீங்கள் தேட வேண்டியவர் பொது அறுவை மருத்துவர். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

இதற்கிடையில் வீக்கம் திடீரென்று கெட்டியாகி, கடுமையாக வலித்து, வாந்தியும் வந்தால், குடல் சிக்கியிருக்கக்கூடும். அப்போது இரவு எந்நேரமானாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.