குட்டிக் கோழிகளுக்குக் கடுங்குளிரில் எப்படிப்பட்ட கூடு வேண்டும்?

பேன்டம் என்பது சாதாரணக் கோழியில் கால்பங்கு அளவே வளரும் குட்டி வகை. அதிலும் மலேசியாவின் செராமா என்ற இனம் அரைக் கிலோகூடப் பெரும்பாலும் தேறாது. கனடா மாதிரி பனி கொட்டும் இடங்களில், பெரிய கோழி தாங்கும் குளிரைப் பேன்டம் ஏன் தாங்குவதில்லை என்று பலரும் கேட்கிறார்கள்.

கோழியின் உடல் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு கூடுதல். சூடு வேகமாகப் போய்விடும். டம்ளர் காபி ஆறிய பிறகும் குண்டானில் உள்ளது சூடாகவே இருக்கிறதே, அதே கதை.

ஆகவே கோழிகளின் உடல் சூடே உள்ளே நிறையும்படி கூடு சிறிதாக இருக்கட்டும். தரையில் மரச்சீவலைத் தடிமனாகப் பரப்புங்கள். உட்கார உருண்டைக் கம்பைவிடத் தட்டையான சட்டம் நல்லது, விரல்கள் வயிற்று இறகுக்குள் மறையும். தண்ணீர் உறைகிறதா என்று அடிக்கடி பாருங்கள். செராமாவை மட்டும் உறைகுளிரில் வெளியே விடவே வேண்டாம், வீட்டுக்குள் வைப்பதே சரி.

அப்புறம், இடுக்கெல்லாம் அடைத்தால் கதகதப்பு என்பது தவறு: மூச்சிலும் எச்சத்திலும் எழும் ஈரம் உள்ளேயே தங்கினால் கொண்டை நுனி உறைந்து கறுத்துவிடும், எனவே காற்று கோழி மேல் படாத உயரத்தில் திறப்பு இருக்க வேண்டும்.