நண்பனுக்குப் பரிசாக முதல் ஏர் ரைஃபிள்: எதை வாங்கலாம்?

ஸ்பிரிங் வகை, 4.5 மி.மீ. (.177 அங்குல) துப்பாக்கி. அது போதும்.

குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து, ஒரு குண்டு போட்டுச் சுடுவதுதான் வேலை. பிசிபி வகை (முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துச் சுடுவது) துல்லியமானது, உதைப்பும் குறைவு. ஆனால் சுமார் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றடிக்கத் தனி பம்ப் வேண்டும். கைப்பம்பில் அடித்துப் பார்த்தால் தெரியும், தோள்பட்டை கழன்றுவிடும்! பரிசோடு செலவையும் சேர்த்துக் கொடுத்தது போலாகிவிடும்.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழல் விட்டமும் 20 ஜூல் சக்தியும் தாண்டாவிட்டால் உரிமம் தேவையில்லை. அடையாளச் சான்று கேட்பார்கள், அதனால் நண்பனையே கடைக்குக் கூட்டிப் போங்கள். ஆச்சரியம் கெடும்தான், ஆனால் தோளில் வைத்துப் பார்க்காமல் நீளமும் எடையும் அவனுக்கு ஒத்துவருமா என்று எப்படித் தெரியும்?

கூடவே தட்டைத்தலை ஈயக்குண்டு ஒரு டப்பா வாங்குங்கள். காகித இலக்கில் பஞ்ச் அடித்தது போல வட்டமாகத் துளை விழும், புள்ளி எண்ண வசதி. கண்ணைக் காக்கப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். இலக்கை ஒட்டும், பழைய துணி திணித்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் கெட்டியான சுவர் இருக்கட்டும். சுட்டு முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள், ஈயம்.

ஒரு எச்சரிக்கை: குண்டில்லாமல் சுடக்கூடாது. ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்று மெத்தையில்லாமல் மோதி, காற்றைக் கசியவிடாமல் அடைக்கும் சீல் போய்விடும். என் முதல் துப்பாக்கி அப்படித்தான் போனது, வேடிக்கை பார்க்க வந்த சித்தப்பா கையில்.

கிளி பக்கம் திருப்பினால் வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு. அதையும் சொல்லியே கொடுங்கள்.