விலை போட்டா காடு பொழைக்குமா?

வணக்கம் சார்,
இயற்கைக்கு விலை போடுறதே தப்புன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு உடன்பாடில்ல. ஓசியா கெடைக்கிறதாலதானே ஆறையும் காட்டையும் அழிக்கிறாங்க? ராபர்ட் காஸ்டான்சாங்கிற சூழலியல் பொருளாதார அறிஞரோட குழு 1997லயே இயற்கை நமக்கு செய்யுற வேலைக்கு வருஷத்துக்கு சராசரியா 33 லட்சம் கோடி டாலர்னு கணக்கு போட்டாங்க. அப்படி ஒரு பில்லை நீட்டினா அரசாங்கம் யோசிக்காதா? நீங்க சொல்றது வெறும் சென்டிமென்ட்.
- ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,
நொய்யலை தினம் பாக்கிறவர் இப்படிக் கேக்கறதுல நியாயம் இருக்கு. சாயத்தண்ணி விட்டவன்கிட்ட காசு வாங்குறதை நானும் எதிர்க்கல, ஆனா அது அபராதம், செஞ்சது தப்புன்னு சொல்லி வாங்குறது. விலைங்கிறது வேற, காசைக் கட்டிட்டா அப்புறம் உன்னை யாரும் கேக்க முடியாது.

நம்ம நாட்டுல காட்டுக்கு ஏற்கனவே விலை இருக்கு. காட்டு நிலத்தை வேற வேலைக்கு எடுத்தா ஹெக்டேருக்கு இவ்வளவுன்னு கட்டணும், ஈடா வேற எங்கயாவது மரம் நடணும். அந்தமான் நிக்கோபார்ல இருக்கிற கிரேட் நிக்கோபார் தீவுல துறைமுகம், ஏர்போர்ட், டவுன்ஷிப்னு சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு 2022ல முதல்கட்ட அனுமதி குடுத்தாங்க, அதுக்கு ஈடா மரம் நட காட்டின எடம் எதுன்னு நெனைக்கிறீங்க, ஹரியானா! அந்தத் தீவோட கலத்தியா கடற்கரையில முட்டை போடுற லெதர்பேக் ஆமைக்கும் அங்க வாழுற ஷோம்பென் பழங்குடி மக்களுக்கும் ஹரியானாவுல என்ன வேலை? ஆனா ஃபைல்ல கணக்கு டேலி ஆயிடும்.

ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1785ல சொன்னது இதைத்தான், விலை இருக்கிற எதுக்கும் பதிலா இன்னொண்ணை வைக்கலாம், வைக்க முடியாததுக்குத்தான் கண்ணியம்னு. (அந்தக் கண்ணியத்தை அவர் மனுஷனைத் தாண்டி காட்டுக்கெல்லாம் குடுக்கல, அந்தக் கஞ்சத்தனம் எனக்கு ஒத்துவராது.)

சென்டிமென்ட்னீங்க. ஒடிசா நியம்கிரி மலையில பாக்சைட் (அலுமினியம் செய்யுற தாது) எடுக்கிற விஷயத்துல 2013ல சுப்ரீம் கோர்ட் அங்க இருக்கிற கிராமசபைகளைக் கேக்கச் சொல்லிச்சு, அந்த மலையில வாழுற டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களோட சாமி நம்பிக்கையையும் ஒரு உரிமையா எடுத்துக்கணும்னு சொல்லித்தான். எவ்வளவு வேணும்னு கேக்கல, குடுக்கலாமா வேண்டாமான்னு கேட்டாங்க. 12 கிராமசபையும் முடியாதுன்னுட்டாங்க. உங்க பில்லை நம்பி அந்த மலையை விட்டிருந்தா அலுமினியம் விலை ஏறுற வருஷமெல்லாம் கணக்கைத் திரும்பப் போடணும், இங்க 2014 ஜனவரியில மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமே அனுமதி இல்லைன்னுடுச்சு.