"எங்களிடம் அந்த வசதி இல்லை" என்றால்? மாற்றுத்திறனாளிகள் உரிமை: கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, மனு எழுதித் தருகிறவள். நீதிமன்றம் வரை போகிற விவகாரம் என்றால் வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மகனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு), ஒன்பதாவது படிக்கிறான். "இவனுக்கு ஏற்ற வசதி எங்களிடம் இல்லை, சிறப்புப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்" என்று அவன் படிக்கும் தனியார் பள்ளியில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது அக்கா?

வாய்வார்த்தை என்று சொன்னீர்களே, அங்கேதான் சிக்கல். எழுத்தில் கேட்டால் தர மாட்டார்கள். அதனால் நீங்களே எழுதுங்கள். இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார், என் மகனுக்கு இன்னின்ன ஏற்பாடு வேண்டும், பதிலை எழுத்தில் தாருங்கள் என்று ஒரே பக்கத்தில் முடித்துவிடலாம். அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிரச்சினை இந்தக் கடிதத்திலேயே தீர்ந்துவிடுவதுண்டு. எழுத்தில் மறுக்க யாருக்கும் தைரியம் வராது.

இனி சட்டம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21 வகைகள், அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால், தனியாராக இருந்தாலும், பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ப சொல்லிக்கொடுப்பதும் பள்ளியின் பொறுப்பு என்று 16ஆவது பிரிவு சொல்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், எழுத உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு இவையெல்லாம் 17ஆவது பிரிவில் இருக்கின்றன.

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருக்கும் பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்குத்தான், தலைமை ஆசிரியருக்கு இல்லை. அப்புறம், மருத்துவச் சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். பொதுத்தேர்வுச் சலுகைக்குக் கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

கேள்வி: எனக்குச் சான்றிதழில் 30 சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள். 40 இல்லை என்றால் எந்த உரிமையும் கிடையாதாமே?

அப்படிச் சொன்னவர் பாதி படித்திருக்கிறார். 40 சதவீத வரம்பு, அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீதம் போன்ற சில பயன்களுக்கு மட்டும்தான். பாகுபாடு காட்டக் கூடாது என்கிற 3ஆவது பிரிவு குறைபாடுள்ள எல்லோருக்கும் பொருந்தும்.

எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்கு உதவி எழுத்தர் (தேர்வர் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தருபவர்) கேட்டார். தேர்வாணையம் மறுத்துவிட்டது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவி எழுத்தர் பெறுவதற்கு 40 சதவீத வரம்பை நிபந்தனையாக வைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே கொண்டுவந்தது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. ஆனால் எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்பதற்கு அரசு மருத்துவச் சான்று வேண்டும்.

கேள்வி: அண்ணன் அரசு ஊழியர். விபத்தில் ஒரு காலை இழந்துவிட்டார். விருப்ப ஓய்வில் போய்விடச் சொல்கிறார்கள்.

எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அண்ணனிடம் முதலில் சொல்லுங்கள். பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால் அரசு நிறுவனம் அவரை நீக்கவும் முடியாது, பதவி இறக்கவும் முடியாது. பழைய வேலை பார்க்க முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில், அதே பணிப் பயன்களோடு வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணி இல்லையா? அது கிடைக்கும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் உருவாக்கி அவரை வைத்திருக்க வேண்டும். 20(4) பிரிவு. இதைக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு மனு கொடுங்கள். "விருப்ப" ஓய்வு என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், வற்புறுத்தினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

கேள்வி: எனக்குக் காது கேட்காது. தனியார் கம்பெனி. கூட்டங்களில் என்ன பேசுகிறார்கள் என்றே புரிவதில்லை. திரையில் எழுத்தாக ஓடவிடச் சொன்னேன். "தனியாருக்கு இட ஒதுக்கீடே கிடையாது, இதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாது" என்கிறார்கள்.

இட ஒதுக்கீடு வேறு, பாகுபாடு வேறு. முதலாவது தனியாருக்குக் கட்டாயமில்லை, சரி. ஆனால் இந்தச் சட்டத்தில் நிறுவனம் என்றால் தனியாரும் சேர்த்திதான். 2(எச்) பிரிவின்படி, ஒருவருக்குத் தேவையான நியாயமான மாற்றத்தைச் செய்து தர மறுப்பதே பாகுபாடு. "போ" என்று முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்றில்லை. செய்ய முடிந்ததைச் செய்யாமல் இருந்தாலே போதும். இந்தச் சட்டத்தின் உயிரே இந்த வரிதான் என்பேன்.

அவர்களுக்கு ஒரு தற்காப்பு உண்டு. அளவுக்கு மீறிய சுமை என்று காட்டினால் தப்பலாம். இணையவழிக் கூட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுத்து ஓடும். அதைச் சுமை என்று எப்படிச் சொல்வார்கள்? 21ஆவது பிரிவின்படி கம்பெனி சம வாய்ப்புக் கொள்கையை அறிவித்திருக்க வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், மாற்றுத்திறனாளி ஊழியர்களின் தேவைகளைக் கவனிக்கும் தொடர்பு அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை பல இடங்களில், யாராவது கேட்ட பிறகுதான் அந்தக் கொள்கையையே எழுதுகிறார்கள்.

கேள்வி: பார்வையில்லாதவருக்குக் காசோலைப் புத்தகம் தர முடியாதாமே?

முடியும், தந்தாக வேண்டும். காசோலை, ஏடிஎம், லாக்கர் எதையும் பார்வையின்மையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே சொல்லிவிட்டது. கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும்) முறையை மாற்றி அமைக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. கிளை மேலாளர் மறுத்தால் சுற்றறிக்கையை அச்செடுத்து மேசைமேல் வையுங்கள்.

கேள்வி: சின்ன உணவகம் நடத்துகிறேன். வாசலில் ஒரே ஒரு படி. எனக்கும் சாய்தளம் கட்டாயமா?

நீங்களே கேட்டதில் சந்தோஷம். அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்தது செல்லாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஆகவே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. கட்டாயம் என்று யாராவது வந்து சொல்லும் வரை காத்திருப்பானேன்?

கட்டும்போது 1:12 சரிவு வையுங்கள். படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 180 செ.மீ. நீளம் வேண்டும். கண்துடைப்புக்குச் செங்குத்தாகப் போட்டுவிட்டால் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழும். அதற்குப் படியே தேவலை. கட்டி முடித்த பிறகு அதன்மேல் பைக்கை நிறுத்த விடாதீர்கள்!

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தெருவில் எல்லோர் முன்னாலும் என் தங்கையின் ஊனத்தைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறார்.

பொது இடத்தில், பிறர் பார்வையில் படும்படி, அவமானப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92(ஏ) பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். காவல் நிலையத்தில் "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். புகாரில் பிரிவு எண்ணை நீங்களே குறிப்பிடுங்கள். எந்த வார்த்தை, எந்த நாள், யார் பார்த்தார்கள் என்பதும் வேண்டும். உங்கள் தங்கைக்குப் புகார் கொடுக்க விருப்பமா என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். அவருக்காக நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

கேள்வி: இப்படிச் சலுகைமேல் சலுகை கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

உதவி எழுத்தருக்கு விடை தெரியாது, தேர்வு எழுதுகிறவருக்குத்தான் தெரியும். இதில் மற்றவருக்கு என்ன குறைந்தது? உண்மையான காரணம் இருந்தால் வித்தியாசம் காட்டச் சட்டமே 3(3)இல் இடம் தருகிறது, ஆனால் அந்தக் காரணம் நியாயமானது, அளவானது என்று காட்டும் பொறுப்பு மறுப்பவருடையது.

கேள்வி: புகார் எங்கே கொடுப்பது? வக்கீல் செலவுக்கு வழியில்லை.

மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம், வக்கீல் தேவையில்லை. மத்திய அரசு சம்பந்தப்பட்டது என்றால் தலைமை ஆணையர். ஆட்களை வரவழைக்க, ஆவணங்களைக் கேட்க அவர்களுக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அதிகாரி நடவடிக்கை எடுத்து 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை உங்களுக்கும் எழுதியாக வேண்டும். அது பரிந்துரைதான், தீர்ப்பு இல்லை. ஆனால் அந்தக் காரணக் கடிதம் கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் உங்கள் வழக்கு பாதி தூரம் போனமாதிரி.

வழக்குச் செலவுக்கு: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். சான்றிதழ் நகல், நீங்கள் கொடுத்த கடிதத்தின் சீல் போட்ட நகல் இரண்டையும் எடுத்துப் போங்கள்.