செருப்பு கழன்றால் சிட்டிங்குக்குக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. குட்டியானை ஓட்டுகிறார். மூன்று மாதமாக இடுப்பிலிருந்து வலது காலுக்கு வலி இறங்குகிறது. எல்-4, எல்-5 டிஸ்க் விலகி நரம்பை அழுத்துவதாகவும், மற்ற டிஸ்க்குகளும் காய்ந்துவிட்டதாகவும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்கள். கத்தியே வைக்காமல், மெஷினில் முதுகை இழுத்து டிஸ்க்கை உள்ளே அனுப்ப 24 சிட்டிங், 48,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா? பெல்ட் போடலாமா? தரையில் படுக்கலாமா? மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையில் சமாளிக்கிறார். இரண்டு வாரமாக வலி கொஞ்சம் குறைவுதான். வலது கால் செருப்பு மட்டும் அவருக்கே தெரியாமல் கழன்றுவிடுகிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். மெஷினைப் பற்றி அப்புறம் பேசலாம். போகிற போக்கில் கடைசி வரியில் செருப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எல்-4, எல்-5 என்பவை முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் இருக்கும் நான்காம், ஐந்தாம் எலும்புகள். அவற்றுக்கு நடுவே பிதுங்கும் டிஸ்க் என்கிற ஜவ்வு பெரும்பாலும் ஐந்தாம் இடுப்பு நரம்பை நெருக்கும். பாதத்தையும் பெருவிரலையும் மேலே தூக்குவது அந்த நரம்பு. பாதத்தின் மேற்புறத்துத் தொடு உணர்வும் அதனுடையதே. செருப்பைக் கவ்வி நடப்பது நாம் யோசிக்காமல் கால் செய்கிற வேலை. சர்க்கரை நோயாளிகளும் செருப்பு கழல்வதாகச் சொல்வார்கள், ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காலிலும். உங்கள் கணவருக்கோ வலி இறங்குகிற அதே காலில். வலி குறைந்ததில் ஆறுதல் பட்டிருக்கிறீர்கள். பலம் அப்படியே இருந்து வலி குறைந்தால் எனக்கும் சந்தோஷம்தான். கால் மரத்து, பலமும் இறங்கி, கூடவே வலியும் குறைந்தால், நரம்பு கத்திக் களைத்துவிட்டது என்று பொருள்.

இன்றே வீட்டில் பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் கீழே அமுக்குங்கள். குதிகாலால் நடக்கையில் வலது பாதம் மட்டும் தொப்பென விழுந்தாலோ, இடது கால் விரல் எதிர்த்து நின்று வலது கால் விரல் சட்டென மடங்கினாலோ, ஓரிரு நாளுக்குள் நரம்பு அறுவை மருத்துவர் முன்னால் அவர் இருக்க வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ரிப்போர்ட் மட்டும் போதாது, ஃபிலிமையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட் படுகிற இடம் மரத்துப்போனாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே கிளம்ப வேண்டும்.

ஆபரேஷனில் கால் போய்விடும் என்று பயமுறுத்தியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. தண்டுவடம் முதலாம், இரண்டாம் இடுப்பு எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. கத்தி படுகிற எல்-4, எல்-5 இடத்தில் இருப்பது தண்டுவடம் இல்லை, குதிரை வால் போலத் தொங்கும் நரம்புகள்தான். ஆபத்தே இல்லாத ஆபரேஷன் கிடையாது, சரி. ஆனால் இதைச் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாக விட்டது. பொறுத்துப் பார்த்தவர்களில் 39% பேர் பின்னால் எப்படியும் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95% பேர் தேறிவிட்டார்கள். ஆனால் பொறுத்துப் பார்ப்பது கால் பலம் குறையாதவர்களுக்குத்தான்.

இப்போது மெஷின். இடுப்பில் பட்டை கட்டி இழுத்து விடுகிற பழைய டிராக்‌ஷன்தான், கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். இழுக்கும்போது டிஸ்க்கின் உள்ளழுத்தம் குறைவது உண்மை, 1994-லேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் படுக்கையை விட்டு எழுந்ததும் உடம்பின் பாரம் மறுபடி அதே டிஸ்க்கில்தானே இறங்குகிறது? 2013-ல் 32 ஆய்வுகளை, மொத்தம் 2,762 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது டிராக்‌ஷனால் வலியிலோ நடமாட்டத்திலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 'எனக்குச் சரியாகிவிட்டதே' என்று வாட்ஸ்அப் வீடியோவில் பேசுகிறவர் பொய் சொல்லவில்லை. பிதுங்கிய டிஸ்க்கை உடம்பே கரைத்துக்கொள்வதுண்டு, மூன்றில் இரண்டு பேருக்கு அப்படி நடக்கிறது. பேக்கேஜ் ஓடுகிற ஐந்தாறு வாரத்தில் வலி தானாகத் தணிந்தாலும் பெயர் மெஷினுக்குத்தான். உங்கள் கணவர் விஷயத்தில் எனக்குக் கோபம் 48,000 ரூபாய்க்காக இல்லை, அந்த ஐந்தாறு வாரத்துக்காக. செத்துக்கொண்டிருக்கும் நரம்புக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

டிஸ்க் காய்ந்திருப்பது நோயில்லை. முதுகுவலியே இல்லாத 40 வயதுக்காரர்களிலும் 54% பேருக்கு ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். தரையோ கட்டிலோ, தூக்கம் வருகிற இடத்தில் படுக்கட்டும். பெல்ட் டிஸ்க்கை உள்ளே தள்ளாது. மெடிக்கல் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். மூன்று மாதமாக என்ன விழுங்கினார் என்று அவருக்கே தெரியாது. அட்டைகளை மருத்துவரிடம் காட்டி, சிறுநீரகம் பழுதில்லையா என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து பிரேக்குக்கு அவர் தூக்கி வைக்க வேண்டியது அந்த வலது காலைத்தான்.