சோடா வேறு, கலர் வேறு

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து மூன்று மாதமாகிறது. கடையில் சோடா கேட்டால் இனிப்பே இல்லாத தண்ணீரைத் தருகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். "கலர்தான் கூடாது, சோடா கொடுக்கலாம்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இங்கே ஒன்றில்லை. உங்கள் ஊரில் நெக்டோ என்ற இனிப்புப் பானமும் சோடா, கிரீம் சோடாவும் சோடா, வீட்டுக்கு வந்தவருக்கு உடைத்துக் கொடுக்கும் எல்லாமே சோடா. மதுரையில் வெறுமனே சோடா என்றால் கேஸ் அடைத்த தண்ணீர், அவ்வளவுதான். சாயமும் சர்க்கரையும் எசென்ஸும் சேர்ந்துவிட்டால் அது கலர். யாராவது மயங்கி விழுந்தால் "சோடா வாங்கிட்டு வாங்க" என்று கத்தி, அதை முகத்தில் தெளிப்பார்கள். கலரைத் தெளித்தால் முகமெல்லாம் பிசுபிசுத்துவிடும். கல்யாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தி வீட்டாருக்கோ கலர்தான் வாங்கி வரச் சொல்வார்கள், வெறும் சோடாவை நீட்டினால் நன்றாக இருக்காது. வரி அட்டவணைகூட இப்படித்தான் பிரிக்கிறது: இனிப்போ மணமோ சேர்க்காததற்கு 2201 என்ற குறியீட்டு எண், சேர்த்ததற்கு 2202.

அதனால் அக்கா சொன்னது சரி. சாதாரண கோலா வகைக் கலர் 300 மில்லியில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும், வெறும் சோடாவில் துளியும் கிடையாது.

ஆனால் சோடா என்ற பேரை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் சொல்லையும் பாருங்கள். பன்னீர் சோடா ரோஜா மணத்தோடு தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருக்கும், வாயில் வைத்தால் நல்ல இனிப்பு. பேர் சோடா, சேர்மானம் கலர். ஜிஞ்சர் சோடாவும் பெரும்பாலும் இனிப்புதான். கோலி பாட்டிலைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள், 1872-இல் ஹைரம் காட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய அந்தப் பாட்டிலில் உள்ளேயிருக்கும் கேஸ்தான் கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்திப் பிடிக்கிறது. கேஸ் உள்ள எதையும் அதில் அடைக்கலாம், இப்போது ஆரஞ்சு, புளூபெரி எல்லாம் அதில் வருகிறது.

கடையில் "பிளெயின் சோடா" என்றே கேளுங்கள். லெமன் சோடா என்றால் கடைக்காரர் "சால்ட்டா, ஸ்வீட்டா?" என்பார், சால்ட் என்று சொல்லுங்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் அந்த உப்பும் வேண்டாம், எலுமிச்சை மட்டும் பிழியச் சொன்னால் போதும்.